இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை: படுக்கைப் புண்ணை விதியென ஏற்க மறுத்த வைத்தியர்

பராலிம்பிக் போட்டிகளின் தந்தை என்றே லூட்விக் குட்மனை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அது சரிதான். ஆனால் அவருடைய பெரும்பணி தொடங்கியது விளையாட்டு மைதானத்தில் அல்ல, கட்டிலருகில். இடுப்புக்குக் கீழ் உணர்வின்றிக் கிடக்கும் ஒருவரின் உடலில் வரும் புண்ணை ஆற்ற முடியுமா, அது வராமலே தடுக்க முடியுமா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி. முடியும் என்று செய்து காட்டிய பிறகே மற்றவை எல்லாம் வந்தன. ஷெல்லிலும் குண்டுவீச்சிலும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இன்றும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் நாட்களைக் கடத்துபவர்கள் உள்ள எமது மண்ணுக்கு, அவருடைய கதையில் அதிகம் தேவைப்படுவது இந்தப் பகுதிதான்.

சுரங்கத் தொழிலாளியின் மரணம்

குட்மன் 1899 ஜூலை 3 ஆம் திகதி, அப்போது ஜேர்மனிக்குள் இருந்த மேல் சிலேசியாவின் டோஸ்ட் என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கோனிக்ஸ்ஹுட்ட நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 இல், பாடசாலைப் படிப்பு முடிந்த கையோடு, சுரங்கத் தொழிலாளர்களுக்கான விபத்து வைத்தியசாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் முள்ளந்தண்டு முறிந்த ஒருவரை முதன்முதலாகக் கண்டார். திடகாத்திரமான இளம் தொழிலாளி. உடலைப் பிளாஸ்ரரில் கட்டி, மற்ற நோயாளிகளின் கண்ணில் படாமல் மறைப்புக்குப் பின்னால் கிடத்தியிருந்தார்கள். அவரைப் பற்றிய குறிப்புகளை எழுதத் தொடங்கிய குட்மனிடம், சில வாரங்களில் இறந்துவிடப் போகிற ஆளுக்காக மெனக்கெட வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஐந்து வாரங்களில் அவர் இறந்தும் போனார். அவரைக் கொன்றது முறிந்த எலும்பு அல்ல. படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்ப் பாதையிலும் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் கலந்ததே மரணத்துக்குக் காரணம்.

அந்தக் காலத்தில் இது விதிவிலக்கான மரணம் அல்ல. முதலாம் உலகப் போரில் முள்ளந்தண்டு வடம் துண்டிக்கப்பட்ட படையினரில் மிகப் பெரும்பாலானோர் இப்படித்தான் போனார்கள். உணர்வு போன உடலில் புண் வருவது இயற்கை என்றும், நரம்பு அறுந்தால் தோல் தானாகவே அழுகும் என்றும் வைத்தியர்கள் நம்பினார்கள். அதனால் எவரும் அதைத் தடுக்கப் பெரிதாக முயலவில்லை.

ஒரே இரவில் 64 பேர்

குட்மன் 1918 இல் பிரெஸ்லோவில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1924 இல் பட்டம் பெற்றார். அக்காலத்தின் புகழ்பெற்ற நரம்பியல் நிபுணரான ஒட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம் பயின்று, சில ஆண்டுகளிலேயே ஜேர்மனியின் முன்னணி நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களில் ஒருவரானார். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பதவி பறிபோனது. யூத வைத்தியர்கள் யூதர்களுக்கு மட்டுமே வைத்தியம் செய்யலாம் என்ற நிலை வந்தது. அவர் பிரெஸ்லோவின் யூத வைத்தியசாலைக்குப் போனார். 1937 இல் அதன் மருத்துவப் பணிப்பாளரானார்.

1938 நவம்பர் 9 ஆம் திகதி இரவு ஜேர்மனி எங்கும் யூதர்களின் வழிபாட்டு இடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆண்கள் வகைதொகையின்றிக் கைது செய்யப்பட்டார்கள். அன்றிரவு வாசலுக்கு வரும் எவரையும் கேள்வி கேட்காமல் அனுமதிக்குமாறு குட்மன் உத்தரவிட்டார். 64 பேர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் கெஸ்ராப்போ வந்து கணக்குக் கேட்டபோது, கட்டில் கட்டிலாக அவர்களுடன் நடந்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயின் பெயரைச் சொல்லி வாதாடினார். 60 பேர் வதைமுகாமுக்குப் போகாமல் தப்பினார்கள்.

அதன் பிறகு அந்த நாட்டில் அவருக்கு இடமிருக்கவில்லை. போர்த்துக்கல் சர்வாதிகாரி சலாசாரின் நண்பர் ஒருவருக்குச் சிகிச்சையளிக்க நாஸி அரசே அவரை அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில் தங்கிய சிறு இடைவெளியில், அகதிக் கல்விமான்களுக்கு உதவும் அமைப்பொன்று அவருக்குப் பிரித்தானிய விசாவை ஏற்பாடு செய்து கொடுத்தது. 1939 மார்ச் 14 ஆம் திகதி மனைவி எல்ஸாவுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் அகதியாக ஒக்ஸ்போர்ட் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். ஊரில் ஒரு வைத்தியசாலையையே நடத்தியவருக்கு இங்கே கிடைத்தது பெரும்பாலும் ஆய்வு வேலை. உடலின் எந்தப் பகுதித் தோல் வியர்க்கிறது, எது வியர்க்கவில்லை என்பதை நிறம் மாறும் தூளொன்றைத் தூவிக் கண்டறியும் முறையை அவர் உருவாக்கியிருந்தார். நரம்பு பாதிக்கப்பட்டால் தோலின் நடத்தையே மாறிவிடுகிறது என்பதை இப்படி நேரில் கண்டவர் அவர்.

தலையணைகளும் கடிகாரமும்

1943 இல், நேச நாட்டுப் படைகள் ஐரோப்பியக் கரையில் இறங்கும்போது முள்ளந்தண்டில் காயப்பட்ட இளைஞர்கள் கூட்டமாக வருவார்கள் என்று பிரித்தானிய அரசு எதிர்பார்த்தது. அவர்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்குமாறு குட்மனைக் கேட்டார்கள். நம்பிக்கையற்ற வேலை என்று மற்ற வைத்தியர்கள் ஒதுங்கிய பொறுப்பு அது. தன் முறையில் செய்ய விட வேண்டும், எவரும் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் ஏற்றுக்கொண்டார். 1944 பெப்ரவரி 1 ஆம் திகதி, அய்ல்ஸ்பெரி நகரத்துக்கு அருகே ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையின் ஒற்றைத்தளக் கொட்டகையொன்றில் அந்தப் பிரிவு தொடங்கியது.

வந்து சேர்ந்தவர்களில் பலர் பிளாஸ்ரர் கூட்டுக்குள் வந்தார்கள். கூட்டைத் திறந்தால் உள்ளே எலும்பு தெரியும் புண்கள். குட்மன் முதலில் அந்தப் பிளாஸ்ரரை அகற்றினார். பிறகு தலையணைகளையும் இறப்பர் அணைகளையும் அடுக்கி, எலும்பு புடைத்திருக்கும் இடங்கள் எதிலும் அழுத்தாதபடி நோயாளியைக் கிடத்தினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பகலிலும் இரவிலும், ஒவ்வொருவரையும் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நள்ளிரவிலும் விடுதிக்கு வருவார். சிறுநீர் அகற்றும் குழாயைக் கிருமி சேராமல் செலுத்தும் வேலையைத் தொடக்கத்தில் தானே செய்தார்.

புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இதில் இல்லை. அக்காலத்தில் பாவனைக்கு வந்த பெனிசிலின் தொற்றை அடக்கக் கைகொடுத்தது உண்மை. ஆனால் புண்ணைத் தடுத்தது கடிகாரமும் மனிதக் கைகளும்தான்.

இந்த முறையின் பின்னால் இருந்த விளக்கம் எளிமையானது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கும்போது அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. உணர்வுள்ளவருக்கு அந்த இடம் வலிக்கும். தூக்கத்தில்கூடப் புரண்டு படுப்பார். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வலி மூளைக்குப் போய்ச் சேராது. மணிக்கணக்கில் இரத்தம் கிடைக்காத தசை உள்ளே செத்துவிடும். மேலே தெரியும் சிறு நிறமாற்றத்துக்குக் கீழே பெரிய குழி இருக்கலாம். ஆக, நரம்பு அறுந்ததால் தோல் தானாக அழுகவில்லை. அழுத்தத்தை அகற்ற ஆள் இல்லாததால் அழுகியது. இது விதியல்ல, தடுக்கக்கூடியது என்பதுதான் குட்மன் ஸ்டோக் மண்டெவிலில் நிலைநாட்டிய உண்மை.

1947 இல் டேவிட் விட்டரிட்ஜ் என்பவருடன் சேர்ந்து இன்னொன்றையும் விளக்கி எழுதினார். நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ வடம் பாதிக்கப்பட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பித் தேங்கினால், அவர் அதை உணராமலே இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். படுக்கைப் புண்ணும் இதே ஆபத்தைத் தூண்டக்கூடியது என்பது இன்று வைத்தியர்கள் அறிந்த விடயம். திடீர்த் தலையிடி, முகம் சிவத்தல், கடும் வியர்வை என்பன அதன் அறிகுறிகள். உடனே நிமிர்ந்து உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கட்டிலிலிருந்து கதிரைக்கு

புண் ஆறியவர்களைக் குட்மன் படுக்கையில் விட்டுவைக்கவில்லை. எழுப்பி உட்கார வைத்தார். தச்சு வேலை, கடிகாரம் திருத்தல், தட்டச்சு என்று தொழில் பழக்கினார். வீடு திரும்பி, உழைத்து, வரி கட்டும் குடிமக்களாக அவர்கள் வாழ வேண்டும் என்பதே அவருடைய இலக்கு. கண்டிப்பானவர், எளிதில் கோபப்படுபவர். ஊழியர்கள் அவருக்குப் பயந்தார்கள். நோயாளிகள் அவருக்கு அப்பா என்ற பொருளில் 'பொப்பா' என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் எழுந்து உட்கார்ந்ததும் ஆபத்து இடம் மாறுகிறது. படுத்திருக்கும்போது உடலின் பாரம் முதுகு முழுவதும் பரவும். உட்கார்ந்தால் அதில் பெரும்பங்கு பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு சிறிய எலும்பு முனைகளில் இறங்கும். அதனால் கதிரையின் கைப்பிடிகளில் கைகளை ஊன்றி அடிக்கடி உடலைத் தூக்கிக்கொள்ள ஸ்டோக் மண்டெவிலில் பழக்கினார்கள். விளையாட்டும் இந்த வழியில்தான் சிகிச்சையாக உள்ளே வந்தது. அம்பெய்தல் தோளையும் கையையும் முதுகையும் பலப்படுத்தும். பலமான கையுள்ளவரால்தான் தன் உடலைத் தானே தூக்கவும், கட்டிலிலிருந்து கதிரைக்குத் தோல் உரசாமல் மாறவும் முடியும்.

1948 ஜூலை 29 ஆம் திகதி லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மண்டெவில் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து அம்பெய்தார்கள். 14 ஆண்கள், 2 பெண்கள். 1952 இல் நெதர்லாந்தின் முன்னாள் படையினரும் வந்து கலந்துகொள்ள, அது சர்வதேசப் போட்டியானது. 1960 இல் ரோம் நகரில், ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில், 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் போட்டியிட்டார்கள். அதுவே முதலாவது பராலிம்பிக் என்று இன்று கணக்கிடப்படுகிறது. வீரர்களுக்குக் கொடுத்த தங்குமிடத்தில் படிகள் இருந்தன. இத்தாலியப் படையினர் அவர்களைக் கதிரையோடு தூக்கி ஏற்றி இறக்கினார்கள். 1976 இல் டொரொன்ரோவில் அவயவம் இழந்தவர்களும் பார்வையிழந்தவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

1966 இல் குட்மனுக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு மையத்தின் பணிப்பாளர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். அதற்குள் பல நாடுகளிலிருந்து வைத்தியர்கள் அங்கே வந்து பயின்று, தங்கள் நாடுகளில் இதுபோன்ற பிரிவுகளைத் தொடங்கியிருந்தார்கள். 1980 மார்ச் 18 ஆம் திகதி, தனது 80 ஆவது வயதில் அவர் காலமானார். ஐந்து வாரத்தில் இறந்துபோன சுரங்கத் தொழிலாளியைப் போன்ற காயமுடையவர்கள், அவர் கண்மூடும் காலத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

எமது வீடுகளில்

போரில் உயிர் தப்பி, பல ஆண்டுகளுக்குப் பிறகு படுக்கைப் புண்ணுக்கு உயிரைக் கொடுத்தவர்களை எம்மில் பலர் அறிவோம். பராமரிக்கும் அம்மாவும் மனைவியும் சகோதரியும் இரவில் எழுந்து புரட்டிப் புரட்டிக் களைத்துப்போனவர்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குட்மனுக்கு ஒரு விடுதி நிறைய ஊழியர்கள் இருந்தார்கள். இங்கே பல வீடுகளில் ஒரேயொருவர்தான். ஆனாலும் அவருடைய முறையில் காசு கேட்காத பகுதி நிறைய உண்டு.

உட்காரும் விதம் முதலாவது. இடுப்பு கதிரையின் பின்பக்கம் வரை போக வேண்டும். முன்னே வழுக்கிச் சரிந்து இருந்தால் பாரம் வாலெலும்பில் இறங்கும். தோல் ஒரு பக்கமும் உள்ளிருக்கும் தசை மறுபக்கமும் இழுபட்டுக் கிழியும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு எலும்பே முழுப் பாரத்தையும் தாங்கும். கால் வைக்கும் தட்டு அதிகம் உயர்ந்திருந்தால் முழங்கால் மேலெழுந்து, தொடை தாங்க வேண்டிய பாரமும் பிட்டத்துக்கு வரும். அதிகம் தாழ்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கும். நாட்பட்டுத் தொய்ந்த சீலை இருக்கையில் இடுப்பு கோணலாகும். அதன் மேல் மட்டமான பலகையொன்றை வைத்து, அதற்கு மேல் தடித்த அணை போடலாம். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும், அதற்குப் பதிலாகப் பாவிக்கும் ரியூப்பும் வேண்டாம். அவை சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை நெரித்து நடுத்தோலைப் பட்டினி போடும்.

எவ்வளவு நல்ல அணையும் அசையாமல் இருப்பதற்கு ஈடாகாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை பாரத்தை மாற்ற வேண்டும். கைகளால் ஒரு கணம் தூக்கி இறக்கினால் இரத்தம் திரும்பி ஓட நேரம் போதாது, தோளும் தேயும். இரு முழங்கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னே குனிந்தோ, ஒரு பக்கமும் பின்னர் மறுபக்கமும் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருப்பது நல்லது. கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். பின் சட்டைப்பையில் திறப்போ காசோ வேண்டாம். வெயிலில் நின்ற மூன்றுசில்லு வண்டியின் இருக்கை, மடியில் வைத்த சூடான தேநீர்க் கோப்பை இரண்டும் உணர்வில்லாத தோலைச் சுட்டுவிடும்.

காலையும் இரவும் தோலைப் பார்க்க வேண்டும். தனியே இருப்பவர் கைக்கண்ணாடி பிடித்தோ, கைபேசியில் படம் எடுத்தோ பார்க்கலாம். பிட்டம், வாலெலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிக்கால், கணுக்கால் ஆகியவை முக்கியம். சிவத்தால் கவனியுங்கள் என்று நூல்களில் இருக்கும். எம்முடைய நிறத் தோலில் சிவப்பு பல நேரங்களில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, கல்லுப்போல் இறுகியோ சதசதவென்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரத்தை எடுத்து அரை மணித்தியாலத்தில் அது மறையாவிட்டால், மறையும் வரை அந்த இடத்தில் இருக்கவோ படுக்கவோ கூடாது. தேய்த்து உருவவும் கூடாது. தோல் உரிந்தாலோ, கறுத்தாலோ, மணம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீரிலும் வியர்வையிலும் ஊறிய தோல் விரைவில் உடையும், காயாமல் விடக்கூடாது. மீன், முட்டை, பருப்பு போன்ற புரதச் சத்துள்ள உணவு இல்லாமல் புண் ஆறாது. புகைத்தல் ஆற விடாது.

மிச்சம் இருப்பது சமூகத்தின் வேலை. சக்கர நாற்காலி வழங்கும் நிகழ்வுகள் எமது ஊர்களில் அடிக்கடி நடக்கின்றன. புலம்பெயர்ந்த உறவுகளின் பணமும் மனமும் அதில் இருக்கிறது. ஆனால் ஒரே அளவுக் கதிரை எல்லோருக்கும் பொருந்தாது. அகலம் கூடினால் பயனாளி ஒரு பக்கம் சாய்வார். குறைந்தால் பக்கவாட்டில் தோல் உரசும். அணையின்றிக் கொடுக்கப்படும் கதிரை, சில மாதங்களில் அவரை மீண்டும் கட்டிலில் கிடத்திவிடக்கூடும். அடுத்த தடவை அப்படியொரு நிகழ்வுக்கு உதவுபவர்கள், கதிரைகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். இருக்கப்போகிறவரின் இடுப்பையும் காலையும் அளந்தீர்களா? கதிரையோடு அணையும் கொடுக்கிறீர்களா?